திருப்பெருந்துறையும் சாதிக் கேள்வியும்

நம் திருச்சபைகளின் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்று உண்டு. சாதி இந்து சமயத்தினின்று வந்தது, கிறிஸ்து மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்பது அது. கேட்போர் அதை மறுப்பதில்லை; சொல்வோரும் அதற்குச் சான்று தேடுவதில்லை. சைவ நண்பர்களோடு உரையாடினாலோ, அவர்கள் இதற்கு நேர்மாறானதை அதே உறுதியுடன் கூறுவர். சாதி சமூக வழக்கமேயன்றிச் சமயம் அன்று, எங்கள் அருளாளர்கள் அதைக் கடந்து நின்றே பாடினார்கள் என்பது அவர்கள் வாதம். இவ்விரு கூற்றுகளையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பது போதகருக்கும் இறையியல் மாணவருக்கும் கடமையாகும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளை, அயலானுடைய சமயத்தைப் பற்றி நாம் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. இதைவிட அவசரமான காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது? மனுநூலிலிருந்து தொடங்குவது நம்மவர் வழக்கம். தமிழ்நாட்டுச் சிற்றூரில் வாழ்வோருள் மனுநூலைப் படித்தவர் எத்தனை பேர்? ஆகவே நூலை விட்டுக் கோவிலுக்குச் செல்வோம். அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே உள்ள ஆவுடையார்கோவிலே நாம் எடுத்துக்கொள்ளும் சான்று.

பெருந்துறைக் கோவிலின் இறையியல்

பழைய நூல்களில் திருப்பெருந்துறை எனப்படும் இவ்வூர் மாணிக்கவாசகரோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது. அறிஞர் பலர் அவரை ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பர். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த அவர், குதிரை வாங்கப் பொருளோடு வந்தபோது இங்குக் குருந்த மரத்தடியில் குருவடிவில் இறைவனைக் கண்டார் என்றும், அரசன் பொருளைக் கோவிற்பணிக்கே செலவிட்டார் என்றும் புராணங்கள் கூறும். நரிகள் பரிகளான கதையை நம் சபைச் சிறுவரும் அறிவர். 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி. யு. போப்பையர், சாயர்புரத்திலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த குருவானவர் என்பதை நினைவிற் கொள்வது நலம். இந்நூலின்மேல் கிறிஸ்தவர்க்கு உள்ள ஈடுபாடு புதிதன்று.

கோவிலின் அமைப்பைக் காண்போர் வியப்படைவர். கருவறையில் இலிங்கம் இல்லை. இலிங்கத்தைத் தாங்கும் ஆவுடையார் எனும் பீடம் மட்டுமே உண்டு. ஊர்ப்பெயரும் அதனால் வந்ததே. இறைவன் பெயர் ஆத்மநாதர். அம்மை யோகாம்பாளுக்கும் திருவுருவம் இல்லை, திருவடிகளே வழிபடப்படுகின்றன. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. விழாக்காலத்தில் இறைவனுக்குப் பதிலாக மாணிக்கவாசகரே எழுந்தருளுகிறார். அதாவது அடியவரே ஆண்டவரின் இடத்தில் வைத்துப் போற்றப்படுகிறார்.

நிவேதனமோ இன்னும் கருதத்தக்கது. பிற சிவாலயங்களில் பச்சரிசிச் சோறு படைப்பதே பெருவழக்கு. இங்குப் புழுங்கல் அரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படைக்கப்படுகின்றன. வடித்த சோற்றைக் கருவறைக்கு முன்னுள்ள கல்மேடையில் கொட்டிப் பரப்புவர். எழும்புகிற ஆவியே உருவமற்ற இறைவனுக்குரிய நிவேதனம். உழுபவன் வீட்டில் உண்ணும் உணவின் ஆவி கடவுளைச் சென்றடைகிறது என்பதைவிட எளிய வழிபாட்டு முறையை எண்ணிப் பார்ப்பது கடினம்.

கொடுங்கைகளில் மரச்சட்டமும் ஆணியும் கயிறும் போலக் கல்லைச் செதுக்கிய சிற்பிகளின் திறனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இங்கு அது நம் பொருள் அன்று.

உருவமற்ற கடவுள், குருவின் அருள், பக்தனின் நெகிழ்ந்த உள்ளம் ஆகிய இம்மூன்றிலும் சாதிக்கு எந்த வேலையும் இல்லை. மாணிக்கவாசகரே இதனை உணர்ந்திருந்தார். தில்லையில் பாடியதாகக் கூறப்படும் கண்டபத்தில், சாதி, குலம், பிறப்பு ஆகியவற்றைத் தாம் அகப்பட்டுத் தடுமாறிய நீர்ச்சுழியாக உருவகிக்கிறார். இறைவன் தம்மை அதினின்று மீட்டான் என்கிறார். அவர் மரபுப்படி அந்தணர் குலத்தவர். தாழ்ந்தோன் ஒருவன் உயர்வு வேண்டிப் பாடிய பாட்டன்று இது. உயர்ந்ததாகக் கருதப்பட்ட பிறப்பையே கட்டாகக் கண்டவரின் வாக்குமூலம். ஆதலால் சைவ நண்பர்களின் கூற்றை வெறும் சமாளிப்பு என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

ஆயினும் திருவாசகத்தில் கரைந்த சாதி, கோவில் வாயிலில் கரைந்துவிடவில்லை. தல புராணம் முந்நூறு அந்தணரை இவ்வூரின் முதற்குடிகளாகப் பேசுகிறது. பூசை செய்யும் உரிமை பரம்பரையாக நம்பியார் எனப்படும் அந்தணரிடம் இருந்து வருகிறது. நிர்வாகமோ திருவாவடுதுறை ஆதீனத்தினுடையது. அவ்வாதீனம் சைவ வேளாளர் தலைமையில் இயங்குவது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணம் இயற்றியதும் அதன் ஆதரவில்தான். ஆகவே 'பிராமணர் புகுத்தினர்' என்னும் ஒற்றைச் சொல்லால் சாதியை விளக்கிவிட முனைவோர் இக்கோவிலின் முன் சற்றுத் தயங்க வேண்டும். பூசை ஒருவரிடம், நிலமும் கட்டளையும் மற்றொருவரிடம், திருவிழா மரியாதை வேறொருவரிடம் என்று பங்கிடப்பட்ட அமைப்பே தமிழ்நாட்டுப் பெருங்கோவில். அந்தப் பங்கீட்டில் எப்பங்கும் பெறாதவர்கள், அக்கோவில் நிலங்களில் உழைத்தவர்கள்.

பெரியபுராணம் கூறும் நந்தனார் வரலாறு இம்முரண்பாட்டை மறைக்கவில்லை. திருப்புன்கூரில் அவர் உள்ளே அழைக்கப்படவில்லை. நந்தியே விலக, அவர் வெளியே நின்று கண்டார். தில்லையிலோ தீயில் மூழ்கி, பழைய உடம்பை விட்டு, முனிவர் வடிவில் எழுந்த பின்னரே உட்சென்றார். சேக்கிழார் அவரை நாயன்மாராக வணங்குகிறார் என்பது உண்மை. அவருடைய பிறப்பு கோவிலுக்குள் நுழையவில்லை என்பதும் உண்மை.

கமுதி வழக்கு

கோவிலையும் சாதியையும் நீதிமன்றம் நேருக்கு நேர் ஆராய்ந்த வழக்கு இராமநாதபுரம் சீமையில் எழுந்தது. 1897ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோவிலின் பரம்பரை அறங்காவலர் சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி. தீட்டுக் கழிக்கும் சடங்குச் செலவும், இனி நுழையலாகாது என்னும் தடையும் வேண்டி வழக்குத் தொடரப்பட்டது. மதுரைச் சார்பு நீதிமன்றம் 1899இல் நாடாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் சிவகாசிக் கலகமும் நிகழ்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1901இலும் இலண்டன் பிரிவி கவுன்சில் 1908இலும் அத்தீர்ப்பை உறுதி செய்தன.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. விவேகானந்தர் 1893இல் சிக்காகோ சர்வசமயப் பேரவைக்குச் செல்ல ஊக்கமும் உதவியும் அளித்தவர் இதே பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் சுவாமிகள் பாம்பனில் வந்திறங்கியபோது மன்னரே முன்னின்று வரவேற்றார். உலகுக்கு வேதாந்த ஒருமையை அறிவித்தவரைப் பாராட்டிய அரண்மனை, நான்கே மாதங்களில் ஒரு சாதியார் தீபாராதனை செய்ததால் கோவில் தீட்டுப்பட்டது என்று கருதியது. இதைப் போலித்தனம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் மன்னரின் உள்ளத்தில் இவ்விரண்டும் மோதியதாகவே தோன்றவில்லை என்பதுதான் வரலாற்று மாணவன் ஆராய வேண்டிய செய்தி. தத்துவம் ஒரு தளத்திலும் கோவில் உரிமை மற்றொரு தளத்திலும் இயங்கின. ஒன்று மற்றொன்றைக் கேள்வி கேட்கவில்லை.

இரண்டாவது, நீதிமன்றம் பின்பற்றிய அளவுகோல். கடவுள் யாரை ஏற்பார் என்று நீதிபதிகள் கேட்கவில்லை. இது அவர்கள் வேலையுமன்று. இக்கோவிலில் நெடுங்காலமாக யார் நுழைந்தனர், யார் நுழையவில்லை என்றே கேட்டனர். அதனால் வழக்கம் சட்டமாயிற்று. ஆங்கில ஆட்சி சமயத்தில் தலையிடாக் கொள்கையுடையது எனப்படினும், இத்தகைய தீர்ப்புகளால் நெகிழக்கூடிய வழக்கத்தையும் இறுகச் செய்தது.

திறந்த கதவுகளும் திறவாதவையும்

1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டமும், 1936 நவம்பர் 12இல் வெளியான திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனமும் யாவரும் அறிந்தவை. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான பூ. கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். பட்டர்களுள் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். இராஜாஜியின் அமைச்சரவை நுழைந்தோரையும் அனுமதித்தோரையும் வழக்கிலிருந்து காக்க அவசரச் சட்டமும், பின்னர் முழுச் சட்டமும் கொணர்ந்தது. 1947இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லாக் கோவில்களையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. ஆவுடையார்கோவில் அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தினது, புதுக்கோட்டை சமஸ்தானத்தினதன்று. ஆகவே மாகாணச் சட்டம் அதனையும் ஆண்டது. புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் அமைக்கப்பட்டபோதுதான் இப்பகுதி அதனுடன் சேர்ந்தது.

கோவில் நுழைவை அம்பேத்கர் எவ்வாறு நோக்கினார் என்பதை நம் மாணவர் கவனிக்க வேண்டும். 1933இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், கோவில் நுழைவு இறுதி இலக்கா, முதற்படியா என்று கேட்டார். இறுதி இலக்கெனில் தாழ்த்தப்பட்டோர் அதை ஆதரிக்க இயலாது என்றார். 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு பற்றிய நூலில் அவர் மேலும் செல்கிறார். மக்கள் தீயவராயிருப்பதால் சாதியைக் கைக்கொள்ளவில்லை, தம் சமயத்தில் பற்றுடையோராயிருப்பதால் கைக்கொள்கிறார்கள். ஆகவே சாத்திரங்களின் புனிதத்தை அசைக்காமல் சாதியை அசைக்க இயலாது என்பது அவர் முடிபு. காந்தியடிகள் இதனை ஏற்கவில்லை. சாதிக்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை என்றே விடையிறுத்தார். நம் கேள்வியின் இருபுறங்களும் இவ்விருவர் வாதத்தில் முழுமையாக உள்ளன. என் கருத்தில், ஆலயத்தைப் பொறுத்தவரை அம்பேத்கரே உண்மைக்கு அணித்தாக நிற்கிறார். அருளாளர் பாடல்களைப் பொறுத்தவரை காந்தியடிகள் கூறுவதில் பொருள் உண்டு.

வெளிவாயில் திறந்தபின் கேள்வி கருவறைக்கு நகர்ந்தது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும் சட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 1970இல் கொணர்ந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. நியமனம் உலகியல் செயல் என்றது. ஆயினும் ஆகமம் குறிக்கும் பிரிவினரே விக்கிரகத்தைத் தொடலாம் என்பதைச் சமயக் கொள்கையாக மதித்தது. ஒரே தீர்ப்பில் ஒரு பாதி சாதியைச் சமயத்திலிருந்து பிரித்தது; மறு பாதி சேர்த்தது. 2006இல் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மீண்டும் வழக்குகள், 2015இல் மற்றொரு தீர்ப்பு என்று காலம் கடந்தது. பயிற்சி முடித்த இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களுள் 24 பேர் 2021 ஆகஸ்டு 14ஆம் நாள் அர்ச்சகராக நியமனம் பெற்றனர்.

சிற்றூர்க் கோவில்கள்

ஆகமம் ஆளும் பெருங்கோவில்களைவிட, ஆகமம் எட்டாத சிற்றூர்த் தெய்வங்களின் முன்னிலையிலேயே சாதி கடுமையாயிருந்திருக்கிறது. இது மனுநூல் வாதத்துக்கு ஒரு தடை. ஆவுடையார்கோவிலுக்குத் தென்மேற்கே தேவகோட்டைப் பகுதியில் உஞ்சனை என்னும் ஊர் உளது. அங்கு 1979இல் புரவி எடுப்பு விழாவையொட்டி எழுந்த பகையில் தாழ்த்தப்பட்டோர் ஐவர் கொல்லப்பட்டனர். ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் விழா அது. அங்கே வேதமும் இல்லை, அந்தணரும் இல்லை. விழாவில் யாருக்கு எந்த மரியாதை என்பதே பிணக்கு. அதே பகுதியில் உள்ள கண்டதேவிக் கோவில் தேர் நான்கு நாட்டாருக்கு உரிய நான்கு வடங்களால் இழுக்கப்படுவது. தாழ்த்தப்பட்டோர் வடம் பிடிக்கும் உரிமை கேட்டதிலிருந்து, 1998 முதல் அத்தேர் சர்ச்சைக்கும் வழக்குக்கும் உள்ளாயிற்று. 2006க்குப் பின் நெடுங்காலம் ஓடாதிருந்து, 2024 ஜூன் மாதத்தில் நீதிமன்ற ஆணையின்பேரில் பெருங்காவலுடன் ஓடியது.

நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்குத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டது. விசாரணைக்குச் சென்ற மாவட்ட ஆட்சியரிடம், அடுத்துள்ள இறையூர் ஐயனார் கோவிலில் தமக்கு அனுமதியில்லை என்றும், தேநீர்க் கடையில் தனிக் குவளை என்றும் அம்மக்கள் முறையிட்டனர். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அவர்களைக் கோவிலுக்குள் அழைத்துச் சென்றனர். நுழைவுச் சட்டம் வந்து அப்போது எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்திருந்தன.

குதிரை, தேர், வடம், முதல் விபூதி, பரிவட்டம் ஆகிய இவற்றை வெறும் சமூக வழக்கம் என்போர், இவை தெய்வத்தின் முன்னிலையில் தெய்வத்தின் பெயரால் வழங்கப்படுகின்றன என்பதை மறக்கின்றனர். வயலில் நிலவும் ஏற்றத்தாழ்வுக்குத் திருவிழா ஆண்டுதோறும் முத்திரையிடுகிறது. வயலின் ஏற்றத்தாழ்வு திருவாசகத்திலிருந்து வரவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய புனிதத்தை வழிபாட்டிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. சாதிக்கும் இந்து சமயத்துக்கும் உள்ள உறவைச் சான்றுகள் அனுமதிக்கும் அளவுக்கு இவ்வாறு கூறலாம் என எண்ணுகிறேன்.

நம் திருச்சபை தந்த விடைகள்

சாதி சமயத்தினதா, சமூகத்தினதா என்னும் இக்கேள்வியை நம் திருச்சபை சென்ற நூற்றாண்டுக்கும் முன்னரே ஆராய்ந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் சபைகளில் சாதிவாரியாக இருக்கைகள் இருந்தன. நற்கருணைப் பாத்திரத்தை அணுகும் வரிசையிலும் சாதி நின்றது. 1833இல் கல்கத்தா பிஷப் தானியேல் உவில்சன், சாதி வேற்றுமையை முற்றிலும் விட்டொழிக்க வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு நிருபம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினர். அவர்கள் கூறிய நியாயம் என்ன? சாதி குடியியல் சிறப்பே; விக்கிரக ஆராதனையோடு அதற்குத் தொடர்பில்லை; ஆகவே கிறிஸ்தவன் அதைக் கைக்கொள்ளலாம் என்பதே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இப்பக்கமே நின்றார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நாம் பாடுகிறோம், பாட வேண்டியதே. அவர் நிலையையும் அறிந்து பாடுவது நேர்மை. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கிரௌலும் ஏறக்குறைய இவ்வாறே கருதினார்.

எதிர்ப்பக்கத்தில் மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் சமபந்தியில் உண்ண மறுத்த உபதேசிமாரை வேலையிலிருந்து நீக்கியது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடு சாதி இந்து சமயத்தின் இன்றியமையாக் கூறு என்று தீர்மானித்தது.

ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சாதியைக் கைவிட மனமில்லாத கிறிஸ்தவர், அது சமயம் அன்று என்றனர். கோவில் நுழைவை மறுத்த சநாதனிகள், அது சமயமே என்றனர். அவரவர்க்கு எது பயன்பட்டதோ அதுவே விடையாயிற்று. 1850இன் தீர்மானம் நன்னோக்குடையது. ஆயினும் சாதி இந்து சமயத்தினது மட்டுமே எனில், ஞானஸ்நானம் பெற்றவுடன் அது மறைந்திருக்க வேண்டும். மறைந்ததா? திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து நின்ற சுவர் பேசும். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கத்தோலிக்க வன்னியருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் மூண்ட மோதலும், துப்பாக்கிச் சூட்டில் மாண்ட இருவரும் பேசுவர். சீர்திருத்த சபையினராகிய நாம் இவற்றைக் கத்தோலிக்கர் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். நம் பேராயத் தேர்தல்களில் வாக்குகள் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பதை இதழின் வாசகர் அறிவர்.

முதலில் குறித்த அவசரமான காரணம் இங்குத்தான் உள்ளது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, அட்டவணைச் சாதியினர் யார் என்பதை வரையறுத்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படலாகாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. சூசை என்பவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1985இல் கூறியது இது: மதம் மாறிய பின்னும் சாதி தொடர்வதைக் காட்டினால் போதாது; அதனால் நேரும் இழிவும் இடரும் புதிய சமயத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும். 2004 முதல் இதன் தொடர்பான மனுக்கள் உச்சநீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டன. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இது குறித்து ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது.

நம் பீடங்களிலிருந்து எழும் கூற்றை இந்த ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதி இந்து சமயத்தினது, கிறிஸ்து மார்க்கத்தில் இல்லை என்று நாம் பெருமிதத்தோடு சொல்லும்போது, மூன்றாம் பத்தியின் வாதத்தையே நாம் எடுத்தோதுகிறோம். சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தலித் விசுவாசி, தன் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழை இணைப்பது என்று தெரியாமல் அப்பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.